எந்த ஊர்க் குற்றம்

தெஸ்ஃபாயே செத்த அன்று மெட்டில்டா தூத்துக்குடியில் இருந்தாள். அவளுடைய கைகள் ஹால்சுண்டில் இருந்தன.

உப்பளங்களைத் தாண்டிப் போனால் ஒரு பழைய மீன் குளிர்பதனக் கிடங்கு வரும். கம்பெனி அதை வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகளைப் போட்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் கண்ணை மூடும் கண்ணாடியும் முழங்கைவரை உறையும் மாட்டி உட்கார்ந்திருப்பார். அவர் விரல்களை மடக்கினால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வடகடல் ஓரத்து ஹால்சுண்ட் துறைமுகத்தில் ஒரு கிரேன் கன்டெய்னரைக் கவ்வும். விரித்தால் விடும். உள்ளங்கையை இறுக்கி மூடினால் அப்படியே நிற்கும். தொலைக்கை என்று இதற்குப் பெயர். புதிய கடலடிக் கம்பிகள் வந்தபின் இங்கே அசைவதும் அங்கே அசைவதும் ஒரே கணத்தில் நடப்பதாகவே தோன்றியது. வடக்கே பனியில் நிற்க ஆள் கிடைக்காத வேலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கே வந்து சேர்ந்தன.

மெட்டில்டா மச்சாது விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை. ஆனால் ஹால்சுண்டின் எந்தத் தளத்தில் முதலில் பனி உறையும், எந்த லாரிக்காரன் வண்டியைக் கோணலாக நிறுத்துவான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அவளை விட நிதானமான கை யாருக்கும் இல்லை என்பார்கள்.

அன்று மதியம், அங்கே காலை, ஒரு கன்டெய்னரை லாரி மேல் இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்கலாம் என்ற பச்சை விளக்கு எரிந்தது. பாதி இறங்கியபோது லாரியின் பின்பக்க மூலையில் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று தெரிந்தது. ஒருவன் குனிந்து, கன்டெய்னரை லாரியோடு பிணைக்கும் பூட்டொன்று சிக்கியதைத் திருகிக்கொண்டிருந்தான். மெட்டில்டா உள்ளங்கையை மூடினாள். அவள் கை நின்றது. கன்டெய்னர் நிற்கவில்லை. அந்த மனிதன் நிமிர்ந்து பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் கன்டெய்னர் நின்றது.

கண்ணாடி இருண்டது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் உறைகளைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார்கள். மேலாளர் அவள் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"வீட்டுக்குப் போங்கம்மா. யார்ட்டயும் ஒண்ணும் பேசாதீய. கம்பெனி பாத்துக்கிடும்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"ஒரு ஆளைக் கொன்னுட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எங்கம்மா?"

"ஹால்சுண்டுல."

அவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"செத்த எடம் நம்ம நாடு இல்ல. செத்தவரு நம்ம ஆளு இல்ல. கிரேனும் இங்க இல்ல. நான் எந்த ஊர்க் குற்றம்னு எழுதுவேன், சொல்லுங்க?"

"என் கை இங்கதான சார் இருந்துச்சு?"

அவர் மேசை மேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தார். மெலிந்த, உப்புக்காற்றில் வறண்ட கைகள். "வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்கம்மா. தனியாப் போவாதீங்க" என்றார்.

அவள் கணவன் ரொமால்டு விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். கிரீஸ் படிந்த கையோடு வந்து கூட்டிப் போனான். அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஹால்சுண்ட் கேமராவில் பதிவான காட்சி உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அவள் பெயரும் படமும் அதோடு போயிருந்தன. காதுக்கருவியில் குரல்கள் வரத் தொடங்கின. எந்த மொழியில் பேசினாலும் கருவி உடனுக்குடன் தமிழில் சொல்லும். யாரோ ஒருத்தி அவளுக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னாள். யாரோ ஒருவன் அந்தக் கைகளை வெட்ட வேண்டும் என்றான். வெட்டுவதை ஆதரித்து ஆயிரக்கணக்கானவர்கள் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர்கள் வீட்டுக் கதவின் படமும் வந்துவிட்டது. ரொமால்டு வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்தான்.

அரசாங்கங்கள் மெதுவாகத்தான் வந்தன. வக்கீல் தங்கபுஷ்பம் அதை அவர்களுக்கு விளக்கினாள். ஐம்பதைத் தாண்டியவள். துறைமுகத் தொழிலாளர் வழக்குகளில் பேர்போனவள்.

"அந்த நாட்டுச் சட்டப்படி நீ அங்க காலே வைக்கலை. அதனால உன்னைக் குற்றவாளின்னு கூப்பிட முடியாது. நம்ம நாட்டுச் சட்டப்படி இங்க ஒண்ணும் நடக்கலை. கம்பெனி பதிவாயிருக்கது ஏதோ ஒரு தீவுல. அந்தத் தீவுல துறைமுகமே கிடையாது."

"அப்ப என்னை யாரு விசாரிப்பாவ மேடம்?"

"யாரும் விசாரிக்க மாட்டாவ. சந்தோஷப்படு."

மெட்டில்டாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. சோற்றைப் பிசைந்தால் விரல்கள் தானாக இறுகி நின்றன. நாம் மூடினோமா, மூட நினைக்க மட்டும் செய்தோமா என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். கொஞ்சம் பிந்திவிட்டோம் என்றே கடைசியில் முடிவுக்கு வந்தாள்.

ஒரு நாள் காலை, ஒலித்த அழைப்புகளை எல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள், ஹால்சுண்ட் என்று வந்த அழைப்பை எடுத்துவிட்டாள்.

"மெட்டில்டா என்பவர் நீங்கள்தானா?"

குரலில் ஈரம் இருந்தது. தமிழ் மட்டும் கருவியின் பாடப்புத்தகத் தமிழ்.

"ஆமா. நீங்க யாரு?"

"என் பெயர் அல்மாஸ். தெஸ்ஃபாயேயின் மனைவி."

மெட்டில்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்ன வேணும்னாலும் ஏசுங்க. கேட்டுக்கிடுதேன்."

"திட்டுவதற்கு அழைக்கவில்லை. மன்னிப்பதற்கும் இல்லை. இங்கே எவரும் எனக்குப் பதில் சொல்வதில்லை. காவல்துறை கம்பெனியைக் கேள் என்கிறது. கம்பெனி, தீவுக்கு எழுது என்கிறது. அவரைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள். அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"குனிஞ்சு பூட்டைத் திருகிட்டிருந்தாரு. ஒரு கையுறையைக் கழட்டி வாயில கவ்வியிருந்தாரு."

"ஆம். வீட்டிலும் அப்படித்தான் செய்வார்" என்றாள் அல்மாஸ். "பயந்தாரா?"

"நிமிந்து பாத்தாரு. பயப்பட நேரம் இல்ல."

அதன் பிறகு அல்மாஸ் அடிக்கடி பேசினாள். தங்கள் நாட்டுப் போரிலிருந்து தப்பி, கணவனும் மனைவியுமாக அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னாள். போன பிறகு பிறந்த மகள் லிடியாவுக்கு இன்னும் பள்ளி வயது ஆகவில்லை. சில நாள் ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிடுவாள். மெட்டில்டா கருவியைக் காதில் வைத்தபடியே மீனை நறுக்குவாள், துணி துவைப்பாள். ரொமால்டுக்கு இது பிடிக்கவில்லை.

"அவ புருசனைக் கொன்னது நீன்னு நினைச்சுப் பேசுதா. நீயும் கேட்டுட்டே கெட. உனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்ட்டி."

"நினைக்கது என்ன? நான்தான."

"நீங்க இல்லை" என்று முதலில் சொன்னவன் சதக். காயல்பட்டினத்துக்காரன். கம்பெனியின் கம்பித் தொடர்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். அவளைக் கடற்கரைப் பக்கம் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னான். வந்தவள் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருக்க, அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினான்.

"அக்கா, உங்க நாற்காலியோட பதிவைப் பாத்தேன். நீங்க கையை மூடினது சரியான நேரத்துல. கட்டளை இங்கயிருந்து உடனே கிளம்பியிருக்கு. ஹால்சுண்டுக்கு லேட்டாப் போயிருக்கு."

"கம்பி அறுந்திருந்துச்சா?"

"அறுந்தா கிரேன் தானா நின்னுரும். இது அறுகலை. வழியில யாரோ பிடிச்சு வச்சு விட்டிருக்காங்க." அவன் மேசை மேல் விரலால் ஒரு கோடு போட்டான். "நம்ம கம்பி நடுவுல ஒரு நாட்டு மண்ணு வழியாப் போவுது. அங்க போன வருஷம் பெரிய கலவரம். வெளிநாட்டுல உக்காந்து பேசினவங்கதான் தூண்டிவிட்டாங்கன்னு அரசாங்கம் நம்புது. எல்லைச் சாவடியில லாரியை நிறுத்திச் சோதிக்கிற மாதிரி, தன் மண்ணைத் தாண்டிப் போற எல்லாத்தையும் கொஞ்சம் நிறுத்தி, பாத்து, அப்புறம் விடுறாங்க. யாருக்கும் சொல்லலை. பேசுறவங்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஒரு மூச்சு விடுற நேரம் கூட இல்ல."

"கன்டெய்னர் இறங்க அது போதும்" என்றாள் மெட்டில்டா.

"போதும்."

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது. அன்றைக்குப் பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"இதை நான் வெளிய சொன்னா வேலை போயிரும், ஜெயிலும் கிடைக்கும்" என்றான் சதக். "ஆனா நீங்க கேக்கலாம். உங்க தரப்புக்காக நீங்க கேட்டா, கம்பெனி அந்தப் பதிவைக் குடுத்தே ஆகணும். உங்களால மட்டும்தான் முடியும்."

தங்கபுஷ்பம் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "ஏட்டி, உனக்கு விடிஞ்சிருச்சு! உலகத்துல எத்தனை கிரேன் அந்த வழியில ஓடுது, எத்தனை டாக்டருமாரு இதே மாதிரி தூரத்துலருந்து ஆபரேஷன் பண்ணுதாவ! எல்லாரும் நம்ம பின்னாடி வருவாவ." அன்றே மனு எழுத உட்கார்ந்தாள்.

மெட்டில்டா இந்தச் செய்தியை அல்மாஸுக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அல்மாஸே அழைத்தாள்.

"கையுறைக்கும் கிரேனுக்கும் நடுவே தாமதம் நடந்ததாமே" என்றாள். "எனக்கு உதவும் வழக்கறிஞர் சொன்னார். அவருக்கும் யாரோ இரகசியமாகச் சொல்லியிருக்கிறார்கள்."

"நானே சொல்லணும்னு இருந்தேன். அல்மாஸ், நான் சரியான நேரத்துலதான்..."

"தெரியும். நான் நம்புகிறேன்." குரல் தடுமாறியது. "ஆனால் நீங்கள் அதைச் சொல்லக்கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்."

மெட்டில்டாவுக்குப் புரியவில்லை. அல்மாஸ் மெதுவாக விளக்கினாள். தெஸ்ஃபாயேயின் வேலையை வைத்துத்தான் அவளுக்கும் மகளுக்கும் அங்கே இருக்க அனுமதி. அவன் செத்ததும் அது செத்துவிட்டது. கிரேன் இயக்கியவரின் தவறால் நேர்ந்த மரணம் என்று பதிவானால், அது வேலையிடத்து மரணம். விதவைக்கும் குழந்தைக்கும் தங்கும் உரிமை உண்டு. இன்னொரு அரசின் செயலால் நேர்ந்தது என்றால், அது இரண்டு நாடுகளுக்கு நடுவிலான விவகாரம். வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். அந்த நாடு மறுக்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். அதுவரை அவளை அங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

"எங்கள் ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. லிடியாவை அங்கே கொண்டுபோக முடியாது. உங்கள் பெயர் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களை எந்த நாடும் சிறையில் வைக்க முடியாது. எங்களை அனுப்பிவிட முடியும்."

தங்கபுஷ்பம் மனுவைக் கிழிக்க மறுத்தாள். மேசையில் ஓங்கி அடித்தாள்.

"நீ தப்பை ஒத்துக்கிட்டா வழக்கு முடிஞ்சிரும். பதிவை அழிச்சிருவாவ. அந்தத் தாமதத்தை யாரும் தேட மாட்டாவ. நாளைக்கு இன்னொருத்தன் சாவான். அப்ப என்ன செய்வ?"

"நாளைக்குச் சாவப்போறவன் பேரு எனக்குத் தெரியாது மேடம். அந்தப் பிள்ள பேரு தெரியும்."

வக்கீல் மனுவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

அவளே தவறை ஒத்துக்கொள்ள முன்வந்ததால் ஹால்சுண்டில் விசாரணை வைத்தார்கள். அது திரையில்தான் நடந்தது. ஹால்சுண்ட் அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டார். கவனம் தவறியதா என்றார். ஆமாம் என்றாள். கையை மூடத் தாமதித்தீர்களா என்றார். ஆமாம் என்றாள். ரொமால்டு கேட்கப் பிடிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டான். அதிகாரி அவளுக்கு நன்றி சொன்னார். இதுவரை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத மூன்று அரசாங்கங்களும் அடுத்த சில நாட்களில் அறிக்கை விட்டன. மனிதத் தவறு என்று எல்லா அறிக்கையிலும் இருந்தது. தீவு அதோடு ஓர் இரங்கல் செய்தியும் அனுப்பியது.

அல்மாஸுக்கு அனுமதி கிடைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வழக்கு மறுபடி திறக்கப்பட்டால் ரத்தாகும். அதைச் சொல்ல அழைத்தாள். அதுதான் அவள் கடைசி அழைப்பு. "இனி நாம் பேசினால் நல்லதல்ல. யாராவது கேட்பார்கள்" என்றாள். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது.

மெட்டில்டாவுக்கு இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, உலகில் எங்கும் அவள் தொலைக்கையைத் தொடக்கூடாது. மற்றொன்று ஹால்சுண்ட் இருக்கும் நாட்டிலிருந்து: வாழ்நாள் முழுவதும் அவள் அங்கே நுழையத் தடை. ரொமால்டு அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அவள் ஒரு மீன் பதனிடும் ஆலையில் இறால் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய தோழிகளைச் சந்தையில் பார்க்கும்போது, "ஆளைக் கண்டதும் மூடாதீய, காணுததுக்கு முன்னாடியே மூடிருங்க" என்பாள். அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தவறு செய்தவள் சொல்லும் யோசனையை யார் கேட்பார்கள்? சதக் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். துபாய்க்குப் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஆலை வாசலில் வந்து நின்றான்.

"மறுபடி அளந்து பாத்தேன். தாமதம் கூடியிருக்குக்கா. இப்ப இன்னும் ரெண்டு நாடு அதே மாதிரி ஆரம்பிச்சிருக்கு." அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம், ஆலையின் சாப்பாட்டு இடைவேளையில் காதுக்கருவி ஒலித்தது. டாவோ நகரம், பிலிப்பைன்ஸ்.

"மன்னிக்கவும். ஹால்சுண்ட் கிரேனை இயக்கிய மெட்டில்டாவிடம் பேச வேண்டும்."

"நான்தான்."

"என் பெயர் ரெனாட்டோ. நானும் தொலைக்கைக்காரன்." இளைஞனின் குரல். மூச்சு வாங்கியது. "நீங்கள் செய்தி பார்த்திருக்கலாம். நேற்று ஒரு துறைமுகத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். என் கிரேன். எல்லோரும் நான் தூங்கிவிட்டேன் என்கிறார்கள். என் அப்பாவே அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் நான் கையை மூடினேன், அக்கா. மூடிய பிறகும் அது இறங்கியது."

அவன் அக்கா என்றானா, அவன் மொழியில் வேறெதையோ சொல்லிக் கருவி அப்படி மாற்றியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு முன்னால் இது நடந்தது உங்களுக்கு மட்டும்தான். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுடையதும் தாமதமாகத்தான் நின்றதா? இல்லை, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?"

மெட்டில்டா உரித்த இறால் நாற்றம் வீசும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குரல் எந்தெந்த நாட்டு மண்ணைத் தாண்டி வருகிறது என்று நினைத்தாள். ஒவ்வொன்றிலும் யாரோ அதை நிறுத்தி, கேட்டு, அப்புறம் விடுகிறார்கள். அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் போதும். ஹால்சுண்டில் வழக்கு திறந்துவிடும். நாலு வயதுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

"அக்கா? இருக்கிறீர்களா?"

"இருக்கேன்."

"சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிய வேண்டும்."

"என்னோடது லேட்டா நிக்கல தம்பி" என்றாள். "நான்தான் கவனிக்கல. என் கை தப்பு."

அவன் மிகத் தாழ்ந்த குரலில், "அப்படியானால் என்னுடையதும் என் கைதான்" என்றான். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்களுக்கு அது கடினமாக இருந்திருக்கும்."

தொடர்பு அறுந்தது.

அவள் அங்கேயே நின்றாள். இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தார்கள். பெண்கள் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருத்தி "என்னக்கா, யாரு போன்ல?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனாள். மெட்டில்டாவின் காதில் அவன் கடைசியாகச் சொன்ன நன்றி மட்டும் இருந்தது. விடைபெறுவது போல் அது ஒலித்த விதம் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் அந்த எண்ணையே திரும்ப அழைத்தாள். டாவோவுக்கு அழைப்பு உடனே போய்ச் சேர்ந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.